சிவப்பு லூர்

ஒட்டுத்தாளில் ஒரு பூச்சிகூட இல்லை.

கத்தரித் தோட்டத்தின் முதல் பொறியை அவள் திறந்தபோது வெயில் இன்னும் சூடேறவில்லை. கூடாரம் போல மடித்த வெள்ளைப் பெட்டி, அதன் அடியில் பசை தடவிய தாள், தாளுக்கு மேலே கம்பியில் தொங்கும் லூர் என்கிற ரப்பர் துண்டு. வாரம் தவறாமல் அவள் உருவிப் பார்க்கிற அந்தத் தாள் எப்போதும் சிறகுகளால் மூடிக்கிடக்கும். பழுப்புத் திட்டு விழுந்த சின்ன வெள்ளைச் சிறகுகள், பாதி செத்தும் பாதி துடித்துக்கொண்டும், அத்தனையும் ஆண். பெண் அந்துப்பூச்சியின் வாசனையை ரப்பரில் ஏற்றித் தொங்கவிட்டால், அங்கே ஒருத்தி கூப்பிடுகிறாள் என்று நம்பி ஆண் தேடி வரும். பசையில் மாட்டிச் சாகும். ஜோடி கிடைக்காத பெண் முட்டையிடாது, காய்க்குள் புழு இறங்காது. இதை விவசாயிகளுக்குச் சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பொறியக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. "எலி எத்தனை மாட்டுச்சு அக்கா?" என்று கேலி செய்யாத ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது.

இன்றைக்குத் தாள் துடைத்துவிட்டது போல இருந்தது. நடுவில் மட்டும் ஏதோ ஒன்று. பூண்டுத் தோல் காற்றில் பறந்து வந்து ஒட்டியிருக்கும் என்று நினைத்து விரலால் சுரண்டப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

நகம். வெட்டிப் போட்ட துண்டு இல்லை, முழு நகம், வேரோடு பெயர்ந்தது. அடிப்பக்கம் வெளுத்த சதை ஒட்டிக் காய்ந்திருந்தது. ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு.

அடுத்த பொறியின் கூரை நசுங்கியிருந்தது. தாளில் ஒரு கொத்து முடி. முடியோடு தோலும் வந்திருந்தது. அதற்கடுத்த பொறியில் தாளே இல்லை; ரப்பர் துண்டு மட்டும் கம்பியில் தொங்கியது. போன வாரம்தான் புதிதாக வந்த சரக்கு. வழக்கமான சாம்பல் நிறம் இல்லை, சிவப்பு. அந்தச் சிவப்பு ரப்பரில் பல் பதிந்திருந்தது.

பொறியைச் சுற்றிக் கத்தரிச் செடிகள் வட்டமாக மிதிபட்டு மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. மிதித்த காய்களின் சாறு கறுத்து, ஈரமண்ணோடு சேர்ந்து புளித்த நாற்றம் அடித்தது. கால் தடங்கள். வெறும் கால், செருப்புக் கால், பெரியது, சின்னது. எல்லாம் ஊர்ப்பக்கமிருந்து வந்திருந்தன. வந்த விதத்தை அவள் குனிந்து பார்த்தாள். ஒன்றுகூட நேராக வரவில்லை. கொஞ்ச தூரம் முன்னால் வந்து, இடதுபுறம் ஒதுங்கி, திரும்ப வலதுபுறம் ஒதுங்கி, மறுபடி முன்னால். ஆண் பூச்சி அப்படித்தான் வரும். காற்றுக்கு எதிராக வாசனையின் இழையைப் பிடித்துக்கொண்டு வரும், இழை விட்டுப்போனால் அங்குமிங்கும் துழாவும், கிடைத்ததும் முன்னேறும். இந்தக் கோலத்தை அவளே கரும்பலகையில் எத்தனையோ தடவை போட்டுக் காட்டியிருக்கிறாள்.

"யார் பண்ணின வேலை இது? பன்னியா?" தோட்டத்தம்மா வரப்பில் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். கணவன் போன பிறகு அத்தனை நிலத்தையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிறவள்.

"பன்னி செருப்பு போடாதும்மா."

"காவல்காரனைக் கேக்கலாம்னா ஆளைக் காணோம். நேத்து ராத்திரி காவலுக்கு வந்தவன்தான். அவன் டார்ச்சு மட்டும் வாய்க்கால்ல எரிஞ்சபடி கிடந்துச்சு. எங்க குடிச்சுட்டு விழுந்து கிடக்கானோ, படுபாவி."

பொறியக்கா, லூர் தயாரிக்கும் லேபுக்கு போன் போட்டாள். மருந்து கலக்கும் மேடம்தான் எடுத்தாள். குரலில் தூக்கமில்லாத களைப்பு.

"பூச்சி விழலையா? ஒண்ணுகூடவா? பழைய பாட்டில் தீர்ந்து போச்சும்மா. வேற இடத்துல வாங்கினதைக் கலந்தோம். அளவு ஏதோ தப்பாயிருக்கு. எல்லாத்தையும் கழட்டி நாளைக்குக் காலையில கொண்டுவந்து குடுத்துரு. இன்னைக்கு வராதே, இங்க நிலைமை சரியில்ல."

"என்ன மேடம் ஆச்சு?"

"நேத்து பொழுது சாயறப்ப பேக்கிங்ல இருக்கறவங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாங்க. நல்ல சிநேகிதங்க. ஒருத்தனுக்கு ஒரு கண்ணு போயிருச்சு. எதுக்குடா அடிச்சேன்னு கேட்டா, நான் அடிக்கவே இல்லைன்னு அழறான். கையெல்லாம் ரத்தம், அழறான்."

கையுறை போட்டுக்கொண்டு தோட்டம் முழுக்கச் சுற்றிச் சிவப்பு ரப்பர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒன்றை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். ரப்பர் வாடை, வேறொன்றும் இல்லை. தகடு போன்ற உறைக்குள் எல்லாவற்றையும் திணித்தபோது அதன் வாய் மூடவில்லை. அப்படியே தோள்பைக்குள் போட்டு, பையின் ஜிப்பை இழுத்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்து பையைச் சமையலறை ஆணியில் மாட்டினாள். மதியச் சாப்பாட்டுக்குக் கணவன் வந்திருந்தான். பம்பு மோட்டார் மெக்கானிக். அந்தத் தோட்டத்து மோட்டார் உட்பட சுற்றுவட்டாரத்தில் அவன் கைபடாத மோட்டார் இல்லை. வலது கையில் துணி சுற்றியிருந்தது.

"என்னங்க கையில?"

"தெரியலை. ஃபேன்ல பட்டிருக்கும். காலையில எழுந்து பாத்தா வலிக்குது."

"ஃபேன்ல பட்டது தெரியாத அளவுக்கு அப்படி என்ன தூக்கம்?"

"உன் சமையலைச் சாப்பிட்டா மயக்கம்தான்" என்று சிரித்தான். அவளும் சிரித்துவிட்டு மாமாவுக்குக் கஞ்சி ஊட்டப் போனாள். மாமாவுக்கு ஒரு பக்கம் விழுந்து வருஷக்கணக்காகிறது. வாய் கோணி, பேச்சு போய், வலது கையும் காலும் கட்டை போலக் கிடக்கும். இரவில் சளி அடைத்துக்கொள்ளும் என்பதால் அவள் படுப்பது அவர் கட்டிலுக்குக் கீழே. கணவன் முன்னறையில் தனியாகப் படுப்பான்.

கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்துவிட்டு, அப்படியே சுவரில் சாய்ந்தவள் கண்ணயர்ந்துவிட்டாள்.

விழித்தது ஒரு சத்தத்தில். வெளிச்சம் மங்கியிருந்தது. ஜன்னல் கம்பியின் நிழல் சுவரில் நீண்டு கரைந்துகொண்டிருக்க, தரையில் எங்கேயோ ஈரச்சாக்கை இழுப்பது போல, நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கி மறுபடி இழுப்பது போல, ஒரு சத்தம். கட்டிலைப் பார்த்தாள். போர்வை தரையில் கிடந்தது. கட்டில் காலி.

மாமா சமையலறை வாசலில் குப்புறக் கிடந்தார். வருஷக்கணக்காக அசையாத அந்த வலது கை நிலைப்படியைப் பிடித்திருந்தது. பிடித்து இழுத்து உடம்பை முன்னே நகர்த்தியது. முகம் மட்டும் மேலே, ஆணியில் தொங்கும் பையை நோக்கி. மூக்குத் துவாரங்கள் விரிந்து சுருங்கி விரிந்தன.

"என்னங்க! இங்க வாங்க, மாமாவைப் பாருங்க!"

கணவன் ஓடி வந்தான். இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். "அப்பாவுக்குக் கை வந்துருச்சுடி!" என்று அவன் குரல் தழுதழுத்தது. அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. தூக்கும்போது மாமா அவர்கள் இருவரையும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அந்த அவசரத்தில் கணவன் கையிலிருந்த துணி அவிழ்ந்து விழுந்திருந்தது. மோதிர விரலில் நகம் இல்லை. நகம் இருந்த இடத்தில் சிவந்த குழி. மற்ற விரல்களின் நகங்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றின் ஓரத்திலும், எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கிரீஸ், கறுப்பாக ஒரு கோடு.

"நேத்து ராத்திரி எங்க போனீங்க?"

"எங்க போனேன்? தூங்கிட்டுத்தானே இருந்தேன்."

"உள்ளங்காலைக் காட்டுங்க."

வெடிப்புகளுக்குள் சேறு ஏறிக் காய்ந்திருந்தது. விரலிடுக்கில் நசுங்கிய ஒரு கத்தரிப் பூ. அவன் தன் காலையே வேறு யாருடைய காலோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கனவுன்னு நெனச்சேன்."

"என்ன கனவு?"

"யாரோ கூப்பிடற மாதிரி. பேர் சொல்லி இல்ல. சத்தமே இல்ல. ஆனா போகலைன்னா செத்துருவோம்னு இருக்கும். போனா நிறைய பேர் நிக்கறாங்க. யாரும் யாரையும் பாக்கல." நிறுத்தினான். "காவல்காரன் முன்னாடி நின்னான். அவன் நகரவே இல்ல. வழி விடல."

"அப்புறம்?"

அவன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

வெளியே வெளிச்சம் இன்னும் ஒரு பிடி குறைந்தது. அந்தி சாய்ந்தால்தான் ஆண் பூச்சிக்கு உணர்வு வரும். பகலெல்லாம் இலைக்கடியில் செத்தது போலக் கிடக்கும். அவள் இதையும் விவசாயிகளுக்குச் சொல்லியிருக்கிறாள். சமையலறைப் பக்கம் திரும்பினாள். அந்தப் பை. வாய் மூடாத அந்த உறை. வீட்டுக்குள் அவளே கொண்டுவந்து மாட்டியது.

கணவனின் தலை மெல்ல அந்தப் பக்கம் திரும்புவதைக் கண்டாள். அவன் பல்லைக் கடித்துக் கழுத்தைத் தன் கையாலேயே பிடித்துத் திருப்பினான்.

"வந்துருச்சு" என்றான். "என்னை ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டு. நான் கத்தினாலும் திறக்காதே. உன்னைத் திட்டினாலும் திறக்காதே. அதை எங்கயாவது கொண்டுபோய்த் தொலைச்சுரு. ஓடும்மா."

பழைய மோட்டார்கள் கிடக்கும் அறைக்குள் அவனைத் தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். பூட்டைத் திருப்பும்போதே உள்ளேயிருந்து முதல் அடி விழுந்தது. கதவின் பலகை நடுங்கியது. கத்தல் இல்லை, திட்டும் இல்லை. அடி மட்டும். கையால் அடிக்கிறானா தலையால் அடிக்கிறானா என்று தெரியவில்லை.

பையை ஆணியிலிருந்து எடுத்துத் திரும்பினாள்.

மாமா நின்றுகொண்டிருந்தார்.

சூம்பிப்போன இரண்டு கால்களிலும் நின்றுகொண்டிருந்தார். தாடை தொங்கி எச்சில் ஒழுகியது. ஓரடி எடுத்து வைத்தார். காலுக்குள் எங்கோ எலும்பு முறியும் சத்தம் கேட்டது, காய்ந்த சுள்ளி ஒடிவது போல. அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. இன்னொரு அடி. முழங்காலுக்குக் கீழே கால் பக்கவாட்டில் மடிந்தது. மடிந்த காலிலேயே அடுத்த அடி. அவர் கை பையின் வாரைப் பிடித்தது.

"மாமா, விடுங்க மாமா. நான்தான் மாமா."

விரல்கள் விடவில்லை. வலது கை அவள் கழுத்தைத் தேடி வந்து இறுக்கியது. நேற்றுவரை ஸ்பூனைக்கூடப் பிடிக்காத கை. கண் இருண்டது. அவள் அவரைத் தள்ளினாள். தினம் தலை வாரிவிட்ட, முதுகு துடைத்துவிட்ட அந்த உடம்பை இரண்டு கையாலும், பலம் கொண்ட மட்டும் தள்ளினாள். மண்டை மேடைக் கல்லில் மோதியது. விழுந்தவர் மறுபடி ஊர்ந்தார். அவரைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். தாண்டினாள். கணுக்காலில் ஒரு விரல் உரசி நழுவியது.

தெருவில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர். மூலைக்கடைக்காரர். முகத்தை மேலே தூக்கி, அசையாமல், வீட்டைப் பார்த்துக்கொண்டு. அவர்கள் வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று, என்னங்க ஆச்சு, உள்ள வாங்க, என்று சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினாள். எங்கே போவது? எரித்தால் புகையோடு ஊர் முழுக்கப் பரவும். புதைக்க நேரமில்லை. தோட்டத்துக் கிணறு ஞாபகம் வந்தது. ஆழமான கிணறு, நிறையத் தண்ணீர். முங்கிவிட்டால் காற்றுக்கு வேலையில்லை.

நேற்றுதான் திசை மாறிய மாலைக் காற்று தோட்டத்துப் பக்கமிருந்து ஊரை நோக்கி வீசியது. எதிர்க்காற்றில் போனாள். முன்னால் வருகிறவர்கள் சாதாரணமாக வந்தார்கள். பேசினார்கள், பீடி பற்றவைத்தார்கள், ஒருவர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் கடந்த பிறகுதான் திரும்பினார்கள். கண்ணாடியில் பார்த்தாள். ஒவ்வொரு தலையாக, அவள் கடந்து போகப் போக, திரும்பியது.

சலூனில் பாதி முகத்தில் நுரையோடு ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். சவரம் செய்துகொண்டிருந்தவரும் அவரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தார்கள். குறுகிய வாசல். இருவரும் நெருக்கினார்கள். ஒருவரும் பின்வாங்கவில்லை. சவரக்காரர் கையில் கத்தி இருந்தது. அதை ஓங்கியதாகக்கூடத் தெரியவில்லை. வழியில் இருந்ததை ஒதுக்கினார், அவ்வளவுதான். வெள்ளை நுரை சிவந்தது. நுரைக்காரர் ஒரு கையால் கழுத்தைப் பொத்திக்கொண்டு, மறு கையால் சவரக்காரரின் கண்ணில் விரலை விட்டார். அப்படியே இருவரும் வெளியே வந்து விழுந்தார்கள்.

நிறுத்தத்தில் ஓட்டுநர் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸை விட்டு இறங்கினார். பஸ் தானாக உருண்டது. அதற்கு முன்னால் நடந்துகொண்டிருந்தவர்கள் விலகவில்லை. ஒரு பெண்ணின் அலறல். பிறகு டயருக்கடியில் அந்தச் சத்தம். அவள் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டாள்.

தோட்டத்துப் பாதையில் ஸ்கூட்டரின் விளக்கு வெளிச்சம் வாய்க்காலில் விழுந்தது. கோரைப்புல்லுக்குள் ஒரு காக்கிச் சட்டை. சட்டைக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் மிதிபட்ட சேறும் பற்களும். காவல்காரன். ஸ்கூட்டர் வழுக்கியது. எழுந்து பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கிணற்றுச் சுவர் முழங்கால் உயரம். பையில் ஒரு கல்லைப் போட்டு ஜிப்பை இழுத்து, கைநீட்டி வீசினாள். தண்ணீர்ச் சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

வரவில்லை.

எட்டிப் பார்த்தாள். மோட்டாரிலிருந்து இறங்கும் இரும்புக் குழாயில், பாதி ஆழத்தில், ஒரு வால்வின் பிடி துருத்திக்கொண்டிருந்தது. பையின் வார் அதில் மாட்டியிருந்தது. பை லேசாக ஆடியது. கல்லின் கனத்தில் துணி கிழிந்து, அந்த உறை வாய் பிளந்து தொங்கியது. சிவப்புத் துண்டுகள் வெளியே பிதுங்கின.

"ஒரு கழி இருக்கா? அம்மா! கழி!" தோட்டத்தம்மா வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

பின்னால் செடிகள் முறியும் சத்தம்.

வந்துவிட்டார்கள். கத்தரிப் பாத்திகளுக்குக் குறுக்கே, இடதும் வலதுமாகத் துழாவிக்கொண்டு, முகத்தைக் காற்றில் நீட்டிக்கொண்டு. வேகமில்லை. நிற்கவுமில்லை. ஒருவர் மேல் ஒருவர் மோதினார்கள். மோதியவன் கடித்தான். கடிபட்டவன் திருப்பி அடித்தான். விழுந்தவன் மேல் மற்றவர்கள் ஏறி நடந்தார்கள்.

முதலில் வந்தவர் தையல்காரர். அவளைப் பார்க்கவே இல்லை. சுவரில் ஏறினார். அடுத்த அடியைக் காற்றில் வைத்தார்.

கத்தவில்லை. கீழே தண்ணீர் மட்டும் கத்தியது.

அடுத்தவர். அதற்கடுத்தவர். ஒருவரின் சட்டையைப் பிடித்தாள். சட்டை கையோடு வந்தது. ஆள் போய்விட்டார். தோட்டத்தம்மா மண்வெட்டிக் காம்போடு ஓடி வந்து வெறி பிடித்தவள் போல அடித்தாள். "போங்கடா! போங்கடா!" தோளில், மண்டையில், முழங்காலில். ரத்தம் தெறித்தது. அடிபட்டவர்கள் ஊர்ந்து சுவரைத் தாண்டினார்கள். கிணற்றுக்குள் இப்போது தண்ணீர்ச் சத்தம் இல்லை. ஆள் மேல் ஆள் விழும் சத்தம்.

பிறகு கணவன் வந்தான்.

நெற்றி கிழிந்து கண்ணில் ரத்தம் வடிந்தது. கதவை உடைத்த வலது கையில் விரல்கள் ஒழுங்காக இல்லை. ஒரு எலும்பு வெள்ளையாக வெளியே தெரிந்தது. அவள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கிணற்றோர மோட்டார் அறைத் தூணில் காலை உதைத்து ஊன்றிக்கொண்டாள். அவன் அவளை அடிக்கவில்லை. நடந்துகொண்டே இருந்தான். இடத்தைவிட்டு நகராமல், கால்கள் மட்டும் மண்ணைக் கீறிக்கொண்டு, நடந்துகொண்டே.

"நில்லுங்க. தயவு செஞ்சு. நில்லுங்க."

அவள் தோள் விட்டுப்போகும் போல இருந்தது. விடவில்லை.

காற்று நின்றது.

முதலில் இலைகள் அடங்கின. பிறகு அவன் கால்கள். பிறகு எல்லோருடைய கால்களும். தோட்டம் முழுக்க நின்ற இடத்தில் நின்றவர்கள், தூக்கத்திலிருந்து உலுக்கப்பட்டவர்கள் போல, சுற்றும் முற்றும் பார்த்தார்கள். ஒருவன் வாயிலிருந்ததைத் துப்பினான். அது ஒரு காது. பார்த்துவிட்டு உட்கார்ந்து வாந்தியெடுத்தான்.

"ஏம்மா" என்றான் கணவன். "நீ ஏன் அழற?"

அவன் தன் கையைப் பார்த்தான். வலி அப்போதுதான் வந்தது. முனகிக்கொண்டு அவள் மேல் சாய்ந்தான்.

கிணற்றுக்குள்ளிருந்து குரல்கள் கிளம்பின. அவர்களுக்கும் விழிப்பு வந்திருந்தது. இருட்டில், ஒருவர் மேல் ஒருவராக, உடைந்த கை கால்களோடு.

"காப்பாத்துங்க! மூச்சு முட்டுது! யாராவது இருக்கீங்களா? டேய், அண்ணே!"

"கீழ ஆள் இருக்குடா! கயிறு கொண்டா, கயிறு!"

எல்லோரும் ஓடினார்கள். சற்றுமுன் ஒருவரையொருவர் கிழித்தவர்கள். மோட்டார் அறையிலிருந்து கயிற்றை இழுத்துவந்தார்கள். முடிச்சுப் போட்டார்கள். சுவரைச் சுற்றி முழங்காலிட்டார்கள்.

"குனியாதீங்க!" அவள் கத்தினாள். "உள்ளதான் இருக்கு! காத்து இல்லாததால அங்கயே தேங்கி நிக்குது! குனியாதீங்க, மூக்கைப் பொத்துங்க! பொம்பளைங்க நாங்க ரெண்டு பேரும் இழுக்கறோம்!"

"பைத்தியமா நீ? என் தம்பி உள்ள கிடக்கான்!" ஒருவன் அவளைத் தோளால் இடித்துவிட்டுக் கயிற்றை வீசினான். குனிந்தான். "புடிச்சுக்கடா! நான் இருக்கேன்டா! கயித்தைப் புடிச்சு..."

அவன் குரல் பாதியில் நின்றது. கயிறு தளர்ந்தது.

பக்கத்திலிருந்தவன். அவனுக்குப் பக்கத்திலிருந்தவன்.

கணவன் மட்டும் அவள் சொன்னதைக் கேட்டான். குழாயைப் பார்த்தான். வால்வில் தொங்கும் பையைப் பார்த்தான்.

"அந்த வால்வு நான் போட்டது. கொக்கிக் கழியால தட்டினா பை தண்ணில விழுந்துரும். எந்தப் பக்கம் தட்டணும்னு எனக்குத்தான் தெரியும்."

"வேண்டாங்க. நான் தட்டறேன்."

"உனக்கு எட்டாது. இருட்டிருச்சு. காத்து திரும்ப வந்தா ஊரே வரும்." மோட்டார் அறைச் சுவரில் சாய்த்திருந்த கொக்கிக் கழியை இடது கையால் எடுத்தான். "மூச்சைப் புடிச்சுக்கறேன். இடுப்பை விடாதே."

அவள் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். அவன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாயை இறுக்கி மூடிக் குனிந்தான். முதுகில் கன்னத்தை அழுத்தினாள். வியர்வை. கிரீஸ். இரத்தம். கைகளுக்குள் அவன் விலா எலும்புகள் விறைத்து நின்றன.

கழி இரும்பில் பட்டது. தவறியது. மறுபடி பட்டது.

கீழே அலறினார்கள். மேலே சுவரைச் சுற்றிக் குனிந்திருந்தவர்கள் பையை நோக்கி முகத்தை நீட்டியபடி உள்ளே சரிந்துகொண்டிருந்தார்கள்.

கழி இரும்பில் பட்டது. தவறியது.

அவன் உடம்பு நடுங்கியது. விலா துடித்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

"போதும், மேல வாங்க. வந்துருங்க."

கழி கையிலிருந்து நழுவி விழுந்தது.

அவள் கைகளுக்குள், மெல்ல, முழுசாக, அவன் நெஞ்சு விரிந்தது.